செத்துப்போன அம்மா எழுதுவது

மாரியம்மன் துணை

மேல் டிவிஷன் லயம்,
மடுல்சீமை.
கார்த்திகை மாதம்

அன்பு மகன் ரஜீவுக்கு,

அப்பா சுகமாக இருக்கிறார். சிவப்பி கன்று போட்டிருக்கிறது, கன்றும் சுகம். நானும் சுகம் என்று எழுதலாமா கூடாதா என்பதை நீதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன்னுடைய அமெரிக்கக் கம்பஸில் நான் செத்துப்போனவள். செத்தவள் சுகம் விசாரிப்பது முறையோ என்னவோ, பெற்ற வயிறு கேட்கவில்லை. அங்கே பனியில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேச்சை எடுத்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன், ஆடி மாதத்திலிருந்து இதே கூத்துதான். கடிதத்தை நீ பாதியில் கட் பண்ண முடியாது, அதனால் பதுளை போஸ்ட் ஆபீசுக்கே போய் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. பசறை ரோட்டில் மண் விழுந்து பஸ் பாதியில் திரும்புகிறது, சாமான் வாங்கப் போனவர்கள் தலையில் மூட்டையோடு நடந்து வருகிறார்கள். அப்பாவுக்கு இருமல், நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுங்கள் என்றால் பெரிய தொரை மாதிரி இருக்கு என்று வெட்கப்படுகிறார். அவரோடு நான் சரியாகப் பேசுவதில்லை. சோறு போடுகிறேன், தேத்தண்ணி ஊற்றி வைக்கிறேன், அவ்வளவுதான். ஏன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் நடந்ததை என் வாயால் நீ ஒருமுறையாவது முழுசாகக் கேட்க வேண்டும்.

ஆடி மாதம் உன் கம்பஸ் மிஸ் நம் லயத்துக்கு வந்த அன்று காலையிலேயே அப்பா எங்கள் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கினார். ஏன் என்றேன், ஆணி இத்துப்போச்சு என்றார். நானும் நம்பினேன். என் மகனைப் படிப்பிக்கிறவர் வருகிறாரே என்று வாசலைக் கூட்டி, வடை சுட்டு, நீ அனுப்பிய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்காரி மாதிரி நின்றேன். இஸ்கூல் சார் ஊரில் இல்லாததால் இங்கிலிஷ் பேச நம் விஜயலெட்சுமியைக் கூப்பிட்டோம், பாலர் பாடசாலையில் படிப்பித்து அவளுக்கு இங்கிலிஷ் கொஞ்சம் வாயில் வரும் இல்லையா. மிஸ் வந்து பலகைக் கட்டிலில் உட்கார்ந்து, வடையை ருசித்துச் சாப்பிட்டு, நீ கெட்டிக்காரன், உன் வகுப்பிலேயே நீதான் கூடுதலாகக் கேள்வி கேட்கிறாய் என்றெல்லாம் சொன்னார், விஜயலெட்சுமி சிரித்துச் சிரித்து எங்களுக்குச் சொன்னாள். பிறகு மிஸ் ஏதோ மெதுவாகச் சொன்னார். அந்தப் பிள்ளையின் சிரிப்பு நின்றுபோனது. என்னடி சொல்றாங்க என்று நான்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, ரஜீவ் அண்ணனோட அம்மா மண்சரிவுல செத்த எடத்தைப் பாக்கணுமாம் பெரியம்மா, பூ கொண்டாந்திருக்காங்களாம் என்றாள். எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. மிஸ் என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்க, இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு, நீ போனில் சொல்லிக்கொடுத்தபடியே, என் தங்கச்சி என்றார். அதையும் விஜயலெட்சுமிதான் இங்கிலிஷில் சொன்னாள்.

அந்த மண்சரிவில் செத்தது யார் என்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன், நீ மறந்துவிட்டாய் போலத் தெரிகிறது. செத்தது வேலாயி. விஜயலெட்சுமியைப் பெற்றவள். தேயிலை மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள், உனக்கு அம்மை போட்டிருந்தபோது தன் பிள்ளையை வேறு வீட்டில் விட்டுவிட்டு வந்து என்னோடு மாறி மாறி உனக்கு வேப்பிலை வீசியவள். உடம்புகூடக் கிடைக்கவில்லை அவளுக்கு. அதற்குப் பிறகு விஜயலெட்சுமி நம் வீட்டில்தான் வளர்ந்தாள், உன் தட்டுக்குப் பக்கத்தில் அவள் தட்டு இருந்தது, கணக்கு வராமல் அவள் அழுதால் நீதான் சொல்லிக்கொடுத்தாய். அந்தப் பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு, அவள் அம்மா புதைந்த சரிவில் அந்த மிஸ் பூவை வைத்து, ரெங்கம்மா ரெங்கம்மா என்று என் பெயரைச் சொல்லி அழுதார். நல்ல மனுஷி, மெய்யாகவே அழுதார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தாயில்லாத பிள்ளையைத் தாய் மாதிரி இருந்து வளர்த்திருக்கிறீர்கள், ரொம்ப நன்றி என்று சொல்லி ஒரு சால்வை போர்த்தினார். அது இன்னும் வந்த பையிலேயே கிடக்கிறது.

அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுறாங்க என்றாய். அமெரிக்கக் கம்பஸுக்கு அப்ளிகேசன் போட்டால் மார்க் மட்டும் போதாது, வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், முதலில் நீ உண்மையைத்தான் எழுதினாயாம், நான் கொழுந்துக் கூடையோடு பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்ததை எழுதினாயாம். பண்டாரவளையில் அப்ளிகேசன் பார்த்துக் கொடுத்த ஆள் அதைப் படித்துவிட்டு, இதுல ஒண்ணும் இல்லையே தம்பி, தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாரும் இதைத்தானே எழுதுறாங்க, ஒங்க பக்கம் மண்சரிவு வந்துச்சே, அதுல யாரும் போகலையா என்று கேட்டானாம். நீயும் கொடுத்துவிட்டாய் என்னை. உயிரோடு இருந்து கூடை சுமந்த அம்மாவுக்கு அங்கே மார்க் இல்லை என்று யாரோ ஒருவன் சொல்ல, இஸ்கூல் முடிக்கும்வரை என் கையால் சோறு தின்ற நீ அதைச் சரி என்று நினைத்துவிட்டாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. அவன் கெட்டவன் என்று ஏசிவிட்டுப் போகலாம், ஆனால் எழுதின கை உன்னுடையது.

இன்னொன்றும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கம்பஸ்காரர்கள் உன்னோடு போனில் முகம் பார்த்துப் பேசிய நாள், சிக்னல் கிடைக்காமல் நாம் இரண்டு பேரும் கோயில் மேட்டுக்கு ஏறிப் போனோம். தூறல் விழுந்தது. போன் நனையாமல் உனக்கும் போனுக்கும் நான்தான் குடை பிடித்தேன், நீங்க இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கம்மா, படத்துல விழுறீங்க என்று நீ சொன்னாய், நானும் தள்ளி நின்று கையை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ பேசின இங்கிலிஷில் மதர், மதர் என்று வந்தது எனக்கும் விளங்கியது. என்னைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்கிறான் என்று எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துபோனது. நான் செத்த கதையை நீ சொல்ல, நானே குடை பிடித்திருக்கிறேன் ராசா. இடம் கிடைத்தது என்று வந்தபோது லயம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன், நீ கம்பஸில் சேர்ந்த அன்று அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அனுப்பிய போட்டோவை மலைக்கு எடுத்துப் போய் எல்லாரிடமும் காட்டினேன். விஜயலெட்சுமிகூட அதைத் தன் போனில் வைத்திருந்தாள்.

லயத்தில் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னைப் பார்த்து, என்னா ரெங்கம்மா, பேய் கூட இப்பெல்லாம் கொழுந்து எடுக்குது போல என்கிறார்கள். நானும் பேய்க்குக் கிலோ ஏத்திப் போடுங்க என்று சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் வருகிறேன், வேறென்ன செய்ய. விஜயலெட்சுமி மட்டும் முன்னைப்போலவே பெரியம்மா என்று வருகிறாள், உப்பு புளி கேட்கிறாள், தலை வாரிவிடச் சொல்லி உட்காருகிறாள். ஒரே ஒரு நாள் மட்டும் தலை வாரும்போது, எங்கம்மாவைப் பத்தியே எழுதியிருக்கலாமே பெரியம்மா, அண்ணனுக்குச் சோறு ஊட்டுனாங்கதானே, அதுக்கும் அந்த மிஸ் அழுதிருப்பாங்கதானே என்றாள்.

இத்தனையையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். படிப்பு முடியட்டும், பொறுத்துக்கொள் என்று உன் அப்பா சொன்னார், நானும் பொறுத்தேன். என்னைச் சாகடித்ததோடு நீ நிறுத்தியிருந்தால் செத்தவளாகவே இருந்துவிட்டுப் போயிருப்பேன், பிள்ளைக்காக எத்தனை பேர் என்னென்னவோ செய்கிறார்கள். ஆனால் போன வாரம் இஸ்கூல் அதிபர் வீட்டுக்கு வந்தார். உன் மிஸ்ஸும் உங்கள் கம்பஸ்காரர்களும் சேர்ந்து நம் இஸ்கூலில் வாசிப்பு அறை கட்டிக்கொடுக்கிறார்களாம், வேலை முடியப்போகிறது, பொங்கல் கழிந்து மிஸ்ஸே வந்து திறக்கிறாராம். வாசலில் பதிக்கிற கல்லில், மண்சரிவில் உயிரிழந்த ரெங்கம்மா நினைவாக என்று வெட்டப்போகிறார்களாம். அதிபர் பாவம், நெளிந்துகொண்டே கேட்டார், என்னாங்க செய்யச் சொல்றீங்க, நான் ஏதாவது சொன்னா கட்டடமும் போயிரும், பிள்ளையோட படிப்பும் போயிரும் என்றார். அதே வாசல் வழியாகத்தான் விஜயலெட்சுமி தினமும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவாள். அவளுக்கு அம்மா என்று மிச்சம் இருப்பது அந்தச் சரிவும் அந்தச் சாவும்தான், உடம்பில்லை, குழியில்லை, வேலாயி பெயரில் ஒரு கல்லில்லை. அதையும் நீ எடுத்து என் தலையில் வைத்துவிட்டாய். எனக்கு அது வேண்டாம்.

போனில் நீ, தெரிஞ்சா என்னை அனுப்பிருவாங்கம்மா என்று அழுதாய். அனுப்புவார்களா, மன்னிப்பார்களா, எனக்குத் தெரியாது, நான் அந்த ஊர்ச் சட்டம் படித்தவளில்லை. நீ திரும்பி வந்து இந்த மலையில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையும் இல்லை. ஆனாலும் நீயே உன் வாயால் அந்த மிஸ்ஸிடம் சொல். உயிரோடிருக்கும் அம்மாவைச் சாகடித்தேன், செத்தவள் வேலாயி, கல்லில் அவள் பெயரைப் போடுங்கள் என்று சொல். விஜயலெட்சுமியிடமும் நீயே பேசு, என்னை நடுவில் விடாதே. அனுப்பிவிட்டார்கள் என்றால் வா, நான் ஏச மாட்டேன், உனக்குச் சோறும் படுக்க இடமும் எப்போதும் இங்கே உண்டு. பனிக்குக் காதை மூடிக்கொண்டு போ, வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை. மாரியம்மா உனக்குப் புத்தியும் தைரியமும் கொடுப்பாள், என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பொங்கலுக்குள் நீ சொல்லாவிட்டால், திறப்பு விழாவுக்கு நானும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன். மிஸ் கல்லைத் திறந்து ரெங்கம்மா என்று படித்தால் எழுந்து நிற்பேன். பதினாறு வயதிலிருந்து காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் இருக்கேங்க என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது, அன்றைக்கு மட்டும் சும்மா இருக்காது.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெங்கம்மா