நாற்காலியில் தொழுதவன்

ஸர்கா, ஜோர்டான்

உம்மா,

என் முதுகை ஒடித்தது பளிங்குப் பட்டறை முதலாளிதான். நாலு பேர் தூக்கும் பலகையை என்னையும் இன்னொருவனையும் மட்டும் தூக்க வைத்தான். சலாம் சொல்லாமல் ஆரம்பித்ததற்குக் கோபிக்காதீர்கள். உங்கள் மூட்டுவலி தேவலையா?

பயப்பட ஒன்றுமில்லை. முதுகெலும்புத் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, வலி இடது காலில் இறங்குகிறது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். வேலை போய்விடும் என்று மறைத்தேன். போன ஜும்ஆவில் குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். பின்வரிசையில் இருந்த எங்கள் பட்டறை மேஸ்திரி அபூ ரஷாத் பார்த்துவிட்டார்.

"என்னடா எகிப்துக்காரா, இந்த வயசுலயே கிழவனுங்க நாற்காலி கேக்குதா? நாளைலேருந்து வராத."

"அல்லாவே என்னை உக்கார விடுறான். உங்க முதலாளி அவனுக்கும் மேலயா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை போனது போனதுதான்.

கருஞ்சீரக எண்ணெய் அனுப்புங்கள். தேய்த்துவிட இங்கே ஆளில்லை. சுவரில் தடவி முதுகை உரசிக்கொள்வேன். வாப்பாவின் இடுப்பில் கட்டும் கம்பளிக் கச்சையும் வேண்டும்.

ஊருக்குக் கிளம்பிய ஹம்தான் இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை முதலாளி வீட்டுக் கதவைத் தட்டினேன். "வேலை வேணாம். என் முதுகைச் சரிபண்ணிக் குடுங்க!" என்று கத்தினேன். உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

உங்கள் மகன்,
ஸாபிர்