நான் இல்லாத வருடங்கள்

குட்டிம்மாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். பெருந்தமனியில் பலூன் போல வீங்கியிருந்த இடத்தை வெட்டியெடுத்து, செயற்கைக் குழாய் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தையல் ஆறிவருகிறது.

அதற்காக உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால் மூளையில் நினைவுகளைச் சேர்த்துவைக்கும் பகுதிதான் முதலில் வாடும். வாழ்நாளெல்லாம் மூளையை ஆராய்ந்த உன் அம்மா இதைச் சாப்பாட்டு மேசையில்கூட எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! இப்போது அது அவளுக்கே நடந்திருக்கிறது. கடைசி இரண்டு வருடங்கள் அவளுக்கு நினைவில்லை.

நான் வீட்டை விட்டுப் போனது அந்த இரண்டு வருடங்களில்தான்.

கண் விழித்ததும், செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த என்னைப் பார்த்து, "ஏங்க இவ்ளோ லேட்டு? சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"வழியில கூட்டம்" என்றேன்.

நீயும் போனில், "விடுங்கப்பா, மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்" என்றாய். நானும் விட்டேன். ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கும்போதெல்லாம், யாருடைய சோற்றையோ திருடித் தின்பது போல இருந்தது.

நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப நான் ரொம்ப அழுதேனா?" என்று கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும், குட்டிம்மா? கூட இருந்தவள் நீதான். வந்து அவளிடம் சொல். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் அப்பா