வைத்தியரின் சுவரில் தொங்கும் என் நன்றிக் கடிதம்

அனுப்புநர்
தையல் கடை உரிமையாளர்,
நகலகத்துக்கு அடுத்த கடை,
பேருந்து நிறுத்தம் எதிரில்.

பெறுநர்
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
சுகாதார அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: மருத்துவத் தகுதி ஏதுமின்றி, சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் ஊசியை நிறுத்தச் சொல்லும் நபர்மீது நடவடிக்கை எடுக்கவும், அவர் அறைச் சுவரில் மாட்டியுள்ள என் நன்றிக் கடிதத்தை உடனே கைப்பற்றவும் வேண்டுதல்.

பார்வை: இதே பொருளில் நான் ஏற்கெனவே கொடுத்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இது என் மூன்றாவது மனு. முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு வந்தது. தங்கள் ஆய்வாளர் நேரில் சென்று விசாரித்ததாகவும், மனுதாரரே முழுத் திருப்தி தெரிவித்துக் கைப்பட எழுதிய கடிதம் அங்கே இருப்பதால் புகாரில் உண்மை இல்லை என்று முடித்துவைப்பதாகவும் அதில் கண்டிருந்தது. அந்தக் கடிதம் நான் எழுதியதுதான். எழுதவே இல்லை என்று சாதிக்க வரவில்லை. எப்படி எழுதினேன் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆய்வாளர் அந்த மாடி அறையிலிருந்து பதினெட்டுப் படி இறங்கி, நேர் கீழே இருக்கும் என் கடைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே வாயால் சொல்லியிருப்பேன்.

2. என் தங்கை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்பவர் பதறினால் நிறுத்துவதற்காக அவள் இருக்கைக்குக் கீழும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் வலது காலை வைத்தபடி பதினோரு வருடம் வேலை பார்த்தாள். ஆறு வருடமாக அவளுக்குச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை ஊசி. இந்த ஊசிச் சனியன் ஒழியாதா என்று புலம்பிக்கொண்டே இருப்பாள். அவளை மாடிக்கு அழைத்துப் போனவள் நான்தான். அதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

3. மாடியில் இருப்பவரைத் தெருவில் எல்லோரும் சொட்டு வைத்தியர் என்பார்கள். ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு எடை மெஷின், பச்சை நிறச் சீசாக்கள் அடுக்கிய அலமாரி, சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட நன்றிக் கடிதங்கள். காலையில் வெறும் வயிற்றில் ஏழு சொட்டு என்றார். கூடவே இதையும் சொன்னார்: "ஊசியும் சொட்டும் ஒரே உடம்புல இருந்தா ரெண்டும் அடிச்சுக்கும்மா. ஊசிய விட்டுருங்க." இதை எழுதித் தரச் சொன்னால் தரமாட்டார். அவர் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. நம்மிடம் எழுதி வாங்கிக்கொள்வதோடு சரி. ஆதாரம் எங்கே என்று தங்கள் அலுவலகம் என்னைக் கேட்பது ஏன் அவருக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது என்று இப்போதாவது புரியும்.

4. ஊசியை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் சீருடைப் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று கொண்டுவந்தாள். டேப் வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு இருந்தது முப்பத்து நாலரை. உடம்பில் சேர்ந்த கெட்டதெல்லாம் கரைகிறது என்று வைத்தியர் சொன்னார். ஓயாத தாகமும், மணிக்கு ஒருதரம் கழிப்பறைக்கு ஓடுவதும் அதற்கான அடையாளமாம். நானும் நம்பினேன். இருபத்திரண்டு வருடமாக வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் என் டேப். அது குறைவாகக் காட்டினால் குணமாகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வாரத்தில் அந்தப் பேண்ட்டின் இடுப்பை நான்கு முறை சுருக்கிப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். நான்காவது முறை இடுப்பு முப்பத்தொன்று. அன்று மகிழ்ச்சி தாங்காமல் மாடிக்குப் போய், என் தங்கை புதுப்பிறவி எடுத்துவிட்டாள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஊசி இல்லாத உடம்பு தன்னையே தின்றுகொண்டிருந்தது என்பதைப் பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எத்தனையோ பேருக்கு அளவெடுத்த இந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, ஐயா.

5. பன்னிரண்டாவது வாரம், பாடம் நடக்கும்போதே காரில் மயங்கிச் சரிந்தாள். ஓட்டிக்கொண்டிருந்த மாணவிக்கு அது நான்காவது நாள். அவளே பிரேக் போட்டு ஓரம் கட்டியிருக்கிறாள். மருத்துவமனையில் ஷூவைக் கழற்றிய பிறகுதான் குதிகால் புண்ணையே பார்த்தோம். ஷூ உரசிய இடம் அவளுக்கு மரத்துப் போயிருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று அவள் என்னைத் திட்டவில்லை. அதே பேண்ட்டை என்னிடம் நீட்டி, "அஞ்சாவது தடவைக்கா. இந்த ஒரு காலை மட்டும் மடிச்சுத் தைச்சுரு" என்றாள். தைத்துக் கொடுத்தேன். தைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனேன்.

6. வைத்தியர் மிகவும் மரியாதையாக நாற்காலி போட்டார். இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்றார். பாதியில் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் தப்பாம். கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். "கொடுத்தது கொடுத்ததும்மா. நாலு பேரு அதப் படிச்சுட்டுத் தெம்பா உட்கார்றாங்க" என்றார். நான் சட்டத்தைச் சுவரிலிருந்து பிடுங்கப் போனேன். காத்திருந்தவர்கள் என் கையைப் பிடித்து, மனநிலை சரியில்லாதவள் என்று வெளியே அனுப்பினார்கள். முதல் மனுவை அன்று எழுதினேன்.

7. போன சனிக்கிழமை ஒரு பெண் தன் மகளோடு, அவள் பள்ளிச் சீருடையையும் எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஒன்பது வயது. பாவாடை நழுவுகிறது, பிடித்துக் கொடுங்கள் என்றார். டேப்பைச் சுற்றியதும் என் கை நின்றுவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் நான் எடுத்த அளவுக்கு மூன்று அங்குலம் குறைவு. அளவெடுத்து முடிப்பதற்குள் பிள்ளை இரண்டு முறை தண்ணீர் கேட்டது. விசாரித்தால், சின்னக் குழந்தையிலிருந்தே சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை. மூன்று வாரமாக ஊசியைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை முதல் முழுவதும் நிறுத்தச் சொல்லி மாடியில் உத்தரவு. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். என் தங்கையையே அழைத்துவந்து காட்டினேன். அந்தத் தாய் குழம்பிப்போய் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க லெட்டரைப் படிச்சுட்டுத்தானேக்கா பிள்ளைய அங்க சேர்த்தேன். அப்போ அது பொய்யா?" இப்படிக் குழந்தைகளுக்கு ஊசி அறவே நின்றால் நாள் கணக்குத்தான் என்று என் தங்கையைப் பார்த்த டாக்டர் சொல்கிறார். அதை அந்தத் தாயிடமும் அவரையே சொல்லவைத்தேன்; பலிக்கவில்லை. டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று மாடியில் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

8. ஆகவே, திங்கட்கிழமைக்குள் அந்த அறையைப் பூட்டுங்கள். அந்தத் தாயிடம் அரசாங்க மருத்துவர் ஒருவரை அனுப்புங்கள். என் பேச்சை அவர் நம்பாமல் போனதற்கு நானே காரணம். என் கடிதத்தைக் கைப்பற்றி இந்த மனுவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கை எழுதியது. அதை ஒரு நிமிடத்தில் நம்பிய தங்கள் அலுவலகம் இதையும் நம்பித்தான் ஆக வேண்டும். பொய்ச் சாட்சி எழுதிய குற்றத்துக்கு என்மீது வழக்குப் போடுவதானால் போடுங்கள், வருகிறேன். கடை காலை ஒன்பதிலிருந்து திறந்திருக்கும்.

9. அந்தச் சீருடையை நான் பிடித்துத் தைக்கவில்லை. மெஷின் பழுது என்று தாயிடம் பொய் சொல்லி, மேசைமேல் மடித்து வைத்திருக்கிறேன். ஒரு தையலும் போடமாட்டேன். அந்தப் பிள்ளை பழைய அளவுக்கே திரும்பி வந்து அதை உடுத்த வேண்டும். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, ஐயா.

இணைப்பு: என் அளவு நோட்டின் நகல், இரண்டு பக்கம். முதல் பக்கம் தங்கையுடையது. இரண்டாவது அந்தப் பிள்ளையுடையது.

இடம்: தையல் கடை
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
அந்தக் கடிதத்தையும் எழுதிய
தையல்காரி
(கையெழுத்து)