ஒட்டிக்கொண்டு வருவது

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் விஷம் தயாரிப்பதாக எதிர்வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாயாம். தயவுசெய்து திருத்திச் சொல். கெட்டுப்போன உணவில் ஒரு கிருமி விஷப் புரதத்தை உண்டாக்கும். அதைக் கட்டிப்பிடித்தபடி இன்னொரு புரதமும் வரும். இரண்டும் அண்ணன் தம்பிபோல ஒரே முகவெட்டு. தம்பிக்கு மட்டும் விஷம் கிடையாது. அந்தத் தம்பியின் வடிவத்தைத்தான் நான் ஆராய்கிறேன்.

பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "விஷத்தைப் பாருப்பா. சும்மா ஒட்டிக்கிட்டு வர்றதை எதுக்கு நோண்டுற?" என்றார், எல்லார் முன்னாலும்.

"அது இல்லன்னா உங்க விஷம் வயித்துலயே செரிச்சுப் போயிடும் சார். அந்தப் பிடியை அவிழ்க்கத் தெரிஞ்சா விஷத்தை அங்கேயே முடிச்சிடலாம்."

"ரொம்பப் பேசற. மன்னிப்புக் கேட்டுட்டு விஷத்துக்கு வா, இல்லன்னா வெளியே உக்காரு."

உட்கார்ந்துவிட்டேன், வராந்தாவில், ஃப்ரீசர்களுக்குப் பக்கத்தில். வேலை போகவில்லை, மேசைதான் போனது. அப்பாவிடம் அப்படியே சொல். இங்கே காற்று சில்லென்று அடிக்கிறது, என் கம்பளிச் சட்டையை அனுப்பு. கூடவே நாலு பக்கம் எழுதி வை, எதிர்வீட்டு வம்பானாலும் சரி. சாப்பிடும்போது படிக்க ஒன்றுமில்லை.

ஃப்ரீசர் ஒன்றின் அலாரம் கத்துகிறது, ஓட வேண்டும். "பெரியவர்தானே, மன்னிப்புக் கேட்டுடு" என்று மட்டும் எழுதிவிடாதே. நீ சொன்னால் கேட்டுவிடுவேன், அம்மா. சொல்லாதே.

உன் மகன்