இன்னும் கொஞ்சம் முடி வளரட்டும்

ஆகஸ்ட் 2, வெள்ளி

மூட்டம், மழை இல்லை. ஒரே புழுக்கம். கோயில் மைக்கில் காலையிலிருந்தே அம்மன் பாட்டு.

இவருக்குப் புதன்கிழமை ஃப்ளைட். மறுபடியும் மாலத்தீவு. போன தடவை நேவி யூனிஃபார்மில் போனார். இந்தியப் பட்டாளத்தார் வேண்டாம் என்று அந்த நாட்டில் சொன்னதும் எல்லோரும் திரும்பினார்கள். இவரும் ரிட்டயர் ஆனார். இப்போது இரண்டு அரசாங்கமும் பேசி, நாம் கொடுத்த ஹெலிகாப்டர் இருக்கட்டும், பார்த்துக்கொள்ள சிவிலியன் ஆட்கள் வரட்டும் என்று முடிவு. அந்த வேலையை எடுத்த கம்பெனி இவரைப் பிடித்துக்கொண்டது. அதே ஹெலிகாப்டர், அதே ஸ்பானர், அதே ஆள். சட்டை மட்டும் வேறு.

சட்டை மாறியது அங்கே தெருவில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பட்டாளத்தான் வேஷம் மாற்றி வந்திருக்கிறான் என்று ஒருத்தன் கையை ஓங்கினால்? இதுதான் என் பயம்.

ஆடியில் கிளம்ப வேண்டாம் என்றேன். "கம்பெனிக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியுமா?" என்கிறார்.

கொண்டுபோகக் கூடாதவை: பச்சைப் பை. பூட்ஸ். நம்பர் எழுதின டிரங்குப் பெட்டி. நங்கூரம் போட்ட டீ ஷர்ட். வாங்க வேண்டியவை: ரசப்பொடி, முட்டிவலித் தைலம்.

முடி நன்றாக வளர்ந்திருக்கிறது. இரண்டு மாதமாக நான் வெட்ட விடவில்லை. காதைத் தொடுகிறது. பார்த்தால் பேங்க் கிளார்க். அது ஒன்றுதான் நிம்மதி.

ஆகஸ்ட் 3, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

மீசையை மட்டும் ஒதுக்கிக்கொண்டு வருகிறேன் என்று மந்தைவெளியில் செல்வம் சலூனுக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும் தூக்கம். செல்வம் எத்தனையோ வருஷமாக இவர் லீவில் வரும்போதெல்லாம் முடி வெட்டுகிறவன். அவன் பாட்டுக்கு மிஷினை எடுத்து ஒட்ட அடித்துவிட்டான்.

அப்படியே வாசலில் வந்து நின்றார். மகள் நித்யா, "பரேடு எத்தன மணிக்குப்பா?" என்றாள். அவளுக்கு நல்ல திட்டு.

நேரே சலூனுக்குப் போய்க் கத்தினேன். செல்வம் கையைப் பிசைந்தான். "இன்னாக்கா பண்றது, சார் கண்ண மூடிக்கினு இருந்தாரு. பட்டாளத்துத் தலையாச்சே, கை தானா போய்ட்ச்சு. ஒரு மாசத்துல வளந்துடும்க்கா."

புதன்கிழமை ஃப்ளைட்டுடா பாவி.

ஆகஸ்ட் 5, திங்கள்

பாண்டி பஜார். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், மூச்சுவிட இடமில்லை. தொப்பி ஒன்று வாங்கினோம், நீலம். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தார். நேராக, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டு. அதையும் பட்டாளத்தான் மாதிரியேதான் வைக்கிறார்.

ஆட்டோவில் கேட்டேன், "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க வந்து சொல்லுவாங்க?" சர்வீஸில் இருந்தவரை, வாசலில் ஜீப் நின்றாலே எனக்கு உயிர் போகும். ஆனால் யாராவது வந்து சொல்வார்கள் என்பது நிச்சயம்.

"கம்பெனில ஃபோன் பண்ணுவாங்க" என்றார்.

ஆட்டோக்காரர் திரும்பி, "அங்க சண்டையா இன்னா?" என்றார். சண்டை இல்லப்பா, சின்னச் சின்னத் தீவிலிருந்து நோயாளிகளை ஏற்றி வரும் ஹெலிகாப்டர், அதை ரிப்பேர் பார்க்கிற வேலை என்றேன். "அப்போ இன்னாத்துக்குக்கா பயந்துக்கினு கீறீங்க?"



ஆகஸ்ட் 7, புதன்

காலையில் அனுப்பிவைத்தாயிற்று. சமைக்கவில்லை. பிரெட்.

மத்தியானம் ஃபோன். நல்லபடியாக இறங்கிவிட்டாராம். இமிக்ரேஷனில் தொப்பியைக் கழற்றச் சொன்னார்களாம். கழற்றினார். அந்த ஆபீசர் தலையைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். "ஆர்மி?" என்று கேட்டார்.

இவர் இரண்டு குதிகாலையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி "நோ, சார்!" என்றாராம்.

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆபீசர் என்ன செய்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அப்புறம் ஸ்டாம்ப் அடித்தாராம்.

அவ்வளவு நேரம் எதைப் பார்த்தார்?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நல்ல வெயில். துணி காய்ந்துவிட்டது. ஆவணி பிறந்தாயிற்று.

தினம் தலையை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அனுப்புகிறார். காதோரம் லேசாகக் கறுப்பு தெரிகிறது. செல்வத்தை மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன்.

இன்று வீடியோ கால். ஹெலிகாப்டர் ஷெட்டுக்கு வெளியே ஃபோனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார், முழு உருவமும் தெரியட்டும் என்று. ஆணி அடித்த மாதிரி நிற்கிறார். முடியைப் போய் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேனே.

"கொஞ்சம் கூனி நில்லுங்க" என்றேன். முயற்சி பண்ணினார். முதுகு வலிக்கிற ஆள் மாதிரி இருந்தது. நித்யா, "அப்பா, ஒரு கையப் பாக்கெட்ல வுடுப்பா" என்றாள். விட்டார். ஒரு காலைத் தளர்த்தினார். நிஜமாகவே யாரோ கம்பெனி ஆள் மாதிரி இருந்தார். அப்படியே இருங்க, அப்படியே பழகுங்க என்றேன்.

பின்னாலிருந்து யாரோ அந்த ஊர் ஆள் கூப்பிட்டார். "சார்!"

இரண்டு குதிகாலும் சேர்ந்தன, பாக்கெட்டிலிருந்த கை தானாக வெளியே வந்துவிட்டது.