இன்னும் ஒருத்தன் வரான்

மார்ச் 21, செவ்வாய்

காலையில் ஆலங்கட்டி, மத்தியானம் வெயில், அப்புறம் ஆளைத் தள்ளும் காற்று. நம் ஃபிளாண்டர்ஸ் வசந்தம் வந்துவிட்டது. பயிற்சி முடிந்து எல்லோரும் சேற்றுப் பொம்மைகளாகத் திரும்பினார்கள். வாரேயின் முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளை. “என்னா அருமையான நாள், ஹில்டே!” என்கிறான். நடிப்பில்லை, நிஜமாகவே சொல்கிறான். இந்தச் சைக்கிள் பந்தய அணிக்காரர்களுக்குக் கால் பிடித்துவிட்டே எனக்குப் பாதி வாழ்க்கை போய்விட்டது. இவர்கள் எதனால் ஆனவர்கள் என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 24, வெள்ளி

ஹாரல்பேகே பந்தயம். கருங்கல் இறக்கத்தில் வாரே விழுந்தான். எழுந்தான். எங்கள் முதல் ஆளுக்கு, அணியே சேர்ந்து ஜெயிக்க வைக்க வேண்டியவனுக்கு, கடைசி வரை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சாயங்காலம் மசாஜ் மேசையில் படுத்தபோது அவன் இடது கைக் கட்டைவிரலின் அடிக்குழியை லேசாக அழுத்திப் பார்த்தேன். முகம் மாறவே இல்லை. கால் விரல்கள் மட்டும் சுருண்டன.

“ஹில்டே, நீ ஒண்ணும் பாக்கல. சரியா?”

“எலும்பு போயிருக்கு, வாரே.”

“போனா போவுது. அடுத்த ஞாயிறுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.”

மார்ச் 25, சனி

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

அவனுக்கு முப்பத்தாறு வயது. இந்தப் பருவத்தோடு நிறுத்துகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பந்தயம் அவன் வீட்டு வாசல் வழியாகவே போகும். தெருவில் அவன் பெயரைச் சுண்ணாம்பால் எழுதிவிட்டார்களாம். சாமி ஊர்வலத்தையாவது ஒரு வருடம் தள்ளி வைப்பார்கள் எங்கள் ஊரில். இதைத் தள்ள மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கையால் பிரேக் பிடிக்க முடியுமா? ஈரக் கல்லில், சரிவில்? அவன் விழுந்தால் அவன் மட்டுமா விழுவான்? பின்னால் வருகிறவர்கள்?

நான் யார் இதைத் தீர்மானிக்க — சே.

மார்ச் 27, திங்கள்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே. விரிசல். மாவுக்கட்டுப் போட்டாகிவிட்டது. அவன் இடத்தில் பாவோ ஓட்டுவான் என்று மேலாளர் லுடோ அறிவித்தார்.

பாவோ! மூன்று வருடம் முன்பு வாரே விழுந்து கிடந்தபோது திரும்பிப் பார்க்காமல் போனவன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

வாரே வாசலில் நின்று சொன்னான்: “இனிமே உன் மேசையில படுக்கறவன் கையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டுத்தான் வரணும்.”

மார்ச் 30, வியாழன்

வாரே என்னைக் கடந்து போனான், ஒரு சுவரைக் கடந்து போவதுபோல.

ஏப்ரல் 2, ஞாயிறு

உடம்பெல்லாம் ஈரம். எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

கோப்பன்பெர்க் மேட்டின் அடியில் மாற்றுச் சக்கரங்களோடு நிற்பது என் வேலை. காரைக் கிளப்பும்போது பக்கத்துக் கதவு திறந்தது. வாரே. கட்டுக்குமேல் பிளாஸ்டிக் பை.

“ஒத்தக் கையில என்ன பண்ணுவேன்னு கேக்காத. சக்கரத்தைப் பிடிப்பேன்.”

காரை எடுத்தேன்.

மழை. முதல் கூட்டம் போனது. வெகுநேரம் கழித்துப் பாவோ தனியாக வந்தான், காற்றில்லாத முன்சக்கரத்தோடு. எங்கள் முதல் ஆளுக்குப் பஞ்சராம். தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவனுடையதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பந்தயத்தோடு கூடவே வரும் எங்கள் அணிக் கார் மேட்டுக்கு அந்தப் பக்கம் சிக்கிக் கிடந்தது. நான் சைக்கிளைத் தூக்கிப் பிடித்தேன், வாரே சக்கரத்தைப் பொருத்தினான். கட்டுப் போட்ட கையாலேயே பாவோவின் முதுகைத் தள்ளி ஓடினான். “போடா! போடா, கழுதை!”

மூன்று வருடத்தில் முதல் பேச்சு.

பந்தயம் முடியும் ஆடனார்டேயில் எங்கள் முதல் ஆள் ஒன்பதாவதாக முடித்தான். பரிசு மேடையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பாவோவைக் காணோம்.

“விலகறவங்களை ஏத்தற வண்டியில ஏறியிருப்பான்” என்றார் லுடோ.

“ஏற மாட்டான்” என்றான் வாரே.

பீர்க் கோப்பைகளோடு கலைந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு நடுவே போய் நின்று கத்தினான்: “எங்க போறீங்க? இன்னும் ஒருத்தன் வரான், இருங்கய்யா!”

நின்றார்கள். உறைய வைக்கும் மழையில், யார் என்றே தெரியாத ஒருவனுக்காக. ஒரு கிழவர் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார், கை தட்ட வேண்டுமே.

வந்தான். வென்றவனுக்குக்கூட அப்படித் தட்டியிருக்க மாட்டார்கள். பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்க அவனால் முடியவில்லை. வாரேதான் ஒவ்வொன்றாகப் பிரித்தான். கையுறையோடு தோலும் வந்தது.

“நேரம் தாண்டிடுச்சு. முடிவுப் பட்டியல்ல என் பேரு வராது.”

“வராது. ஆனா வந்துட்ட இல்ல.”

வேறு திசையில் பார்த்துக்கொண்டு சூடான சூப்பை ஊற்றினேன். மழை இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 6, வியாழன்

பந்தயம் இல்லாத நாள். துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். வாரே வந்து மேசையில் ஏறி உட்கார்ந்தான். அவன் கைக்கட்டில் ஒரே ஒருவர் எழுத்து, பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியாத கோணல் எழுத்து: ‘அடுத்த தடவை பாத்து விழு. பாவோ.’

“அவன் கையெழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி” என்றான்.

பிறகு கட்டில் காலியாக இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டி, பேனாவை என்னிடம் நீட்டினான்.