தேர்வு வேண்டாதவர்கள் பட்டியல்

ஆகஸ்ட் 18, திங்கள்

எனக்கு நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். கணிதப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். பல்கலைக்கழகம் என்னைத் 'தேர்வு இல்லாப் பிரிவில்' சேர்த்திருக்கிறது. வகுப்பில் உட்காரலாம், கேட்கலாம், வீட்டுக்குப் போகலாம். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, பட்டமும் கிடையாது. மூன்று வருட முடிவில் 'பங்கேற்றார்' என்று ஒரு காகிதம் தருவார்களாம்.

கடிதத்தில் இப்படிப் போட்டிருக்கிறது: 'மதிப்பெண் அச்சமின்றி மகிழ்ச்சியாகக் கற்க, மூத்தோருக்கு ஓர் அரிய வாய்ப்பு!' கீழே நரைத்த தம்பதி ஒன்று மடிக்கணினியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிற படம். அதில் அப்படி என்ன ஓடியதோ.

எனக்கு அச்சம் என்று யார் சொன்னது? முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டவள் நான். நூற்று நாற்பது பஸ், முந்நூறு ஓட்டுநர், ஒருநாள்கூட ஒரே பஸ்ஸை இரண்டு தடத்தில் ஓடவிட்டதில்லை. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் கிடந்த இயற்கணிதப் புத்தகத்தில் ஆரம்பித்து நானே கற்றுக்கொண்டேன். என் அட்டவணையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்குப் பட்டம் இருந்தது. சரிபார்க்கத்தான் தெரியாது.

தங்கையிடம் கடிதத்தைக் காட்டினேன். வீட்டில் நாங்கள் இருவர்தான்; அவளுக்கு மருந்துக் கடையில் வேலை.

"நல்லாத்தானே இருக்கு அக்கா. டென்ஷன் இல்லாம படிக்கலாம்."

"டென்ஷன் வேணும்டி எனக்கு."

குக்கரை இறக்கணும் என்று உள்ளே ஓடினாள். அடுப்பில் குக்கரே இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சேர்க்கை அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்காமலே பேசுகிறார். இனி இந்தக் குறிப்பில் அவருக்குப் பெயர் ஜன்னல்.

"சொல்லுங்கம்மா, பேரனோட விண்ணப்ப நம்பர் என்ன?"

"பேரன் இல்ல."

"பேத்தியா?"

"நான்தான்பா மாணவி."

அப்போதும் நிமிரவில்லை. பிரிவு மாற வேண்டுமானால் கல்வி ஆலோசகர் கையெழுத்து வேண்டுமாம். ஆலோசகரை எப்போது பார்க்கலாம் என்றேன்.

"தேர்வு இல்லாப் பிரிவுக்கு ஆலோசகர் கிடையாதும்மா. தேர்வே இல்ல, அப்புறம் ஆலோசனை எதுக்கு?"

ஆகவே, இந்தப் பிரிவைவிட்டு வெளியேற ஆலோசகர் வேண்டும். இந்தப் பிரிவில் இருப்பவருக்கு ஆலோசகர் கிடையாது. இந்தத் தடத்தைப் போட்ட புண்ணியவான் புறப்படும் இடத்தை எழுதிவிட்டு, சேரும் இடத்தை எழுத மறந்து சாப்பிடப் போய்விட்டார் போலிருக்கிறது.

பிரிவு மாறக் கடைசி நாள் 29, வெள்ளி.

ஆகஸ்ட் 21, வியாழன்

சேர்க்கை அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் புல்லாங்குழல்தான் பேசியது. இதற்கு இசையிலேயே பட்டம் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

திங்கட்கிழமை புதிய மாணவர் அறிமுக நாள். கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள்: அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா, திறந்த மனம். முதல் மூன்றையும் பைக்குள் வைத்துவிட்டேன்.

தங்கை கேட்காமலே என் புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். இந்த வாரம் முழுக்க ஒரே உபசாரம். "எதுக்குக்கா இப்படி அலையற? நீ படிச்சதெல்லாம் போதாதா?"

போதாது. அவளுக்கு எப்படிச் சொல்வது? அறிவு கேட்டு நான் அங்கே போகவில்லை. அதை நானே தேடிக்கொண்டேன். யாராவது ஒருவர் என் தாளைத் திருத்த வேண்டும். தப்பென்றால் தப்பு என்று சிவப்பு மையில் சுழிக்க வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் என்னை யாரும் திருத்தியதில்லை. நான் சரி என்பதால் இல்லை. திருத்தத் தெரிந்தவர் யாரும் இல்லை. பதவி உயர்வு வந்தபோது மட்டும் பட்டம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

வாசலில் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். 'விருந்தினர்'.

பெரிய அரங்கம். உற்சாகத்துக்காகவே சம்பளம் வாங்குகிற ஒருவர் மேடையில் குதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் தன்னை ஒரு மிருகமாக நினைத்துச் சொல்ல வேண்டுமாம். சிங்கம், கழுகு, இன்னொரு சிங்கம், டால்ஃபின். என் முறை வந்தது. கழுதை என்றேன்.

"சூப்பர்! ஏன் மேடம் கழுதை?"

"நகரமாட்டேன்."

அடுத்துப் பேசிய பெரியவர், இங்கே வந்து சேர உங்கள் பெற்றோர் செய்த தியாகத்தை ஒரு நிமிடம் கண்ணை மூடி நினையுங்கள் என்றார். மூடினேன். பத்தாவதோடு போதும் என்று என்னை நிறுத்திய அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் நீளமாகத்தான் இருந்தது.

வெளியே அறிவிப்புப் பலகையில் இரண்டு காகிதங்கள். ஒன்று, நாளை யார் யார் எந்த அறையில் எத்தனை மணிக்கு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்பது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். இன்னொன்று, நாளை வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் குழுக்கள். பழக்கதோஷம், இரண்டையும் சேர்த்துப் படித்தேன். பத்தரை மணி முதல் பன்னிரண்டாம் அறையில் அடுத்தடுத்து மூன்று பேர். அதே மூன்று பேர் அதே பத்தரைக்கு விளையாட்டு மைதானம் பார்க்கப் போகும் குழுவில். ஒரே பஸ், இரண்டு தடம்!

ஜன்னலிடம் சொன்னேன்.

"அதெல்லாம் சிஸ்டம் போட்டதும்மா."

"உங்க சிஸ்டத்துக்கு ரெண்டு காகிதத்தைப் பக்கத்துல வெச்சுப் பாக்கத் தெரியாதா?"

"அது ரெண்டும் வேற வேற சிஸ்டம்."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நாளை பத்தரைக்குப் பன்னிரண்டாம் அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.

ஆலோசகருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணிதத் துறை விரிவுரையாளர். மேசையில் ஆடை கட்டிய தேநீர். "நீங்க... பேரன்ட்டா?" என்றாள். புது மாணவி என்றேன். சிரிக்கவில்லை, உடனே என் எண்ணைக் கேட்டாள். அதிலேயே அவளைக் கொஞ்சம் பிடித்துவிட்டது. தயார் செய்துகொண்டு போயிருந்த புகாரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பல்கலைக்கழகம், வயது, பாகுபாடு, எல்லாம்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"நாங்க மாத்தலம்மா. உங்க விண்ணப்பத்துலயே 'தேர்வு வேண்டாம்'னு டிக் இருக்கு பாருங்க. காரணமும் எழுதியிருக்கு."

காரணம் என்ற கட்டத்தில்: 'அக்காவால் தோல்வியைத் தாங்க முடியாது.'

விண்ணப்பத்தைத் தங்கைதான் தன் போனில் நிரப்பி அனுப்பினாள். என் கண்ணாடி சரியில்லை என்று நான்தான் கொடுத்தேன். தன்னையே அக்கா என்று எழுதும் விண்ணப்பதாரரை இந்தப் பல்கலைக்கழகம் இதற்கு முன் பார்த்திருக்காது.

ஆலோசகர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். வியாழக்கிழமை ஒரு நிலையறி தேர்வு உண்டு, எழுதினால் பட்டப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றாள். மதிப்பெண் ஐம்பதுக்குக் குறைந்தால் அடிப்படை வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வருடம் கூடும்.

"கூடட்டும்."

கையெழுத்துப் போட்டாள். ஒன்பது நிமிடம்தான் ஆனது. வெளியே வந்து பதினொன்றேகால் வரை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்; அப்போதுதான் மைதானத்திலிருந்து மூன்று பேர் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன் என்று அவர்களிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஏன்டி இப்படிப் பண்ணின? யாரைக் கேட்டுப் பண்ணின? ஊர்ல உள்ளவன்லாம் எனக்குப் பட்டம் இல்ல பட்டம் இல்லன்னு சொன்னான் — கடைசியில நீயுமா?

அவள் அழவில்லை. அவளும் என் அம்மா பெற்றவள்தானே.

"நீ தோத்தா யாரு தாங்கறது? நீயா? நான்! டிப்போவுல அந்தப் பதவி கிடைக்கலன்னு ரெண்டு வருஷம் யார்கூடவும் பேசல நீ. என்கூடவும்தான். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, உப்பு வேணும்னா சீட்டு எழுதி வெச்சே. எனக்கு இன்னொரு ரெண்டு வருஷம் தெம்பு இல்லக்கா."

சீட்டு எழுதியது உண்மை. அதற்காக? அதற்காக என் பெயரில் டிக் போடலாமா?

ஆகஸ்ட் 27, புதன்

பேசவில்லை. சர்க்கரை தீர்ந்திருந்தது. சீட்டு எழுதக் காகிதத்தைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டு, சர்க்கரை இல்லாமலே காபி குடித்தேன். சகிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுதினேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று.

மாலையே தாளைக் காட்டினார்கள். என் விடைகளில் பெரும்பாலானவை சரி. சரியான விடைக்குப் பக்கத்திலெல்லாம் சிவப்பில் 'எப்படி வந்தது?' என்று கேட்டு, மதிப்பெண்ணைப் பாதியாக வெட்டியிருக்கிறாள் ஆலோசகர். திருத்தியது அவள்தான். சண்டைக்குப் போனேன்.

"விடை சரிதானேம்மா? பஸ் நேரத்துக்கு வந்தாப் போதாதா?"

"பயணிக்குப் போதும். எனக்கு வந்த வழி தெரியணும்."

அதையாவது ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஏழாவது கேள்வி அப்படியில்லை. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ், ஆனால் இடைவெளி ஒழுங்கில்லை. பயணி சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார்? எனக்கா இந்தக் கேள்வி! ஐந்து நிமிடம் என்று யோசிக்காமல் எழுதினேன். டிப்போ சுவரில் அதை எழுதி ஒட்டியவளே நான்தான்.

தப்பு. முழுத் தப்பு. சிவப்புச் சுழி.

அவள் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். ஒரு பஸ் இரண்டு நிமிடத்தில் வருகிறது, அடுத்தது பதினெட்டு நிமிடம் கழித்து. பயணிகளில் பெரும்பாலானோர் அந்தப் பதினெட்டு நிமிடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்வார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக நிற்பது எட்டு நிமிடத்துக்கு மேல். எத்தனை புகார்க் கடிதம் வந்தது எனக்கு! ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு கூச்சலா என்று எல்லாவற்றையும் கிழித்துப்போட்டேன். ஸ்டாப்பில் நின்று என்னைத் திட்டியவர்கள், கணக்கே தெரியாமல், சரியாகத்தான் திட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். கதவைத் திறந்த தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"தோத்துட்டேன்டி," என்றேன். அப்புறம் ஏழாவது கேள்வியை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் பசித்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பட்டப் பிரிவு. அடிப்படை வகுப்பு. பதிவாகிவிட்டது. இனி ஆக வேண்டியவை:

சேர்க்கை அலுவலகம் — 'விருந்தினர்' அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு திங்களுக்குள் மாணவர் அட்டை தர வேண்டும்.

ஜன்னல் — இரண்டு காகிதத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் எதிரே நிற்பவரையும்.

ஆலோசகர் — மதியம் சாப்பிட வேண்டும். பதினொன்றாவது கேள்வியில் அவள் வெட்டியது அதிகம். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் விடப்போவதில்லை.

தங்கை — என் பெயரில் இனி எதிலும் டிக் போடக் கூடாது. மன்னித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் ஒரு நாளுக்கு மேல் பேசாமல் இருந்தால் சும்மா விடவும் கூடாது.

நான் — வழியை எழுதப் பழக வேண்டும், ஒவ்வொரு படியாக. ஞாயிறு காலை தெருமுனை பஸ் ஸ்டாப்பில் இரண்டு மணி நேரம் நின்று, பஸ் வரும் இடைவெளியைக் குறிக்க வேண்டும். பிறர் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக ஏழாவது கேள்வியை அப்படியே நம்பிவிட முடியாது. நான் எழுதும்போது கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

தங்கையிடம் கேட்டேன். வாயால்தான். "எத்தனை மணிக்கு?" என்றாள்.